குண்டூசித் துளை

நீலத் தறப்பாளுக்குள் வடிகிற மத்தியான வெயிலில் எல்லார் முகமும் நீலமாகத் தெரிகிறது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் சாவகச்சேரித் தெருவோரத்தில் போட்டிருக்கும் கொட்டகை இது. ஃபோனில் படமெடுத்துக்கொண்டு போனவர்கள் எத்தனையோ பேர். படமெடுக்க வந்திருக்கும் ஆரணியின் மடியிலோ உள்ளே கறுப்படித்த பால்மாத் தகர ரின்; அதில் கமரா செய்கிறாள். வெளிச்சம் புக, மெல்லிய தகட்டில் மயிரளவு துளை வேண்டும். கவராயத்தின் முனை ஒரு தகட்டைக் கிழித்துவிட்டது. மிச்சமிருக்கும் ஒன்றை வைத்துக்கொண்டு ஊசி தேடிப் பையைத் துழாவுகிறாள். பக்கத்தில் இருக்கும் செல்வநாயகி, தன் சேலையில் குத்தியிருக்கும் மகனின் படத்தைக் கழற்றுகிறாள். படத்தை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு குண்டூசியை மட்டும் நீட்டுகிறாள்.

"இந்தா பிள்ளை, துளை போட இது காணுமோ?"

ஆரணி மெல்லக் குத்தி, தகட்டை வெயிலுக்கு உயர்த்துகிறாள். ஒரு பொட்டு வெளிச்சம் அதில் நிற்கிறது.

"ஓம் அம்மா, காணும். ஆனால் இந்தச் சின்னத் துளையாலை படம் விழக் கனநேரம் எடுக்கும், நீங்கள் ஆடாமல் இருக்கோணும். நடந்து போற ஆக்கள் படத்திலை வரமாட்டினம்."

வீதியால் பஸ் ஒன்று ஹோன் அடித்துக்கொண்டு போகிறது. பின்னால் மோட்டார் சைக்கிள்கள், ஒரு ஜீப், ரியூசன் பிள்ளைகள். ஒரு தலையும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. தறப்பாள் படபடத்து அடங்குகிறது.

"அப்ப நாங்கள் மட்டுந்தான் வருவம்," என்கிறாள் செல்வநாயகி, பொத்திய கையை விரிக்காமலே. "இந்த ரோட்டிலை வேறை ஆர் நிக்கினம்?"