எழாத கோடு

பிற்பகல் வெயில் ஆய்வகத்து ஜன்னல் வழியே சாய்ந்து, போன வாரம் இறந்துபோன நண்பனின் காலி நாற்காலியில் விழுகிறது. குளிரூட்டும் பம்ப் ஒரே சீராக முனகுகிறது. அவனுடைய பொருட்களை எடுத்துப்போக வந்த மனைவி, அவன் கம்பளிச் சட்டையை மடியில் வைத்தபடி திரையையே பார்க்கிறாள். நண்பன் கடைசியாக வளர்த்த படிகத்தை இயற்பியலாளன் இன்றுதான் அளக்கிறான். மின்தடைக் கோடு பூஜ்ஜியத்தில் படுத்துக் கிடக்கிறது. "காந்தத்தோட பலத்த ஏத்திக்கிட்டே இருக்கேன்மா. தடையே இல்லாம கரண்ட கடத்துற வேற மீகடத்தியா இருந்தா, இந்நேரம் அந்தக் கரண்ட சுமக்குற எலக்ட்ரான் ஜோடியெல்லாம் பிரிஞ்சு, கோடு மேல எழுந்திருக்கும்." "இதுல ஏன் பிரியலண்ணா?" "ஒவ்வொரு எலக்ட்ரானோட சுழற்சியும் அது ஓடுற பாதையோட பிணைஞ்சு கெடக்கு. காந்தம் எவ்வளவு இழுத்தாலும் லேசுல திரும்பாது, அதனால ஜோடியும் பிரியாது. இப்படித்தான் ஆகும்னு அவன் தலைப்பாடா அடிச்சுக்கிட்டான். நாங்க யாரும் காதுல போட்டுக்கல." அவள் சட்டையின் கையில் ஒட்டியிருக்கும் நூலை மெல்லப் பிரித்தெடுக்கிறாள். "ஆஸ்பத்திரியில கடைசியா அதத்தான் கேட்டார், அளந்தாச்சான்னு. அளந்தாச்சு, நீங்க சொன்ன மாதிரியே வந்திருக்குன்னு சொன்னேன். பொய்தான்." அவன் திரையை அவள் பக்கம் இன்னும் திருப்பி வைக்கிறான். "இன்னும் கொஞ்சம் ஏத்துங்கண்ணா," என்கிறாள். அவன் ஏற்றுகிறான். கோடு எழவில்லை. இப்போதுதான் அவள் அழுகிறாள்.