முழு மார்க் வாங்கிய சலவைக்கடை

இதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை, சத்தியம்.

பசுமைச் சான்றிதழ் இல்லாத கடைக்கு இனித் துணி கிடையாது என்று, அந்தச் சலவைக்கடைக்கே சோறு போட்டுவந்த ஓட்டல் கைவிரித்துவிட்டது. கடைக்காரர் சான்றிதழுக்காகத் தவமாய்த் தவம் கிடந்தார். எட்டு மாதம் கழித்து வந்த அதிகாரி, ரசீதுகளைப் புரட்டி வாயைப் பிளந்தார்.

"தண்ணி, கரன்ட், சோப்புக் கழிவு, எல்லாமே பாதாளத்துக்கு இறங்கியிருக்கே! எப்படிண்ணே சாதிச்சீங்க?"

"எல்லாம் ஓட்டல்காரங்க புண்ணியம் சார்."

"மெஷினையும் ஒரு எட்டு பாத்துட்டுப் போங்களேன்," என்று இழுத்தாள் மனைவி.

"எதுக்கும்மா? ரசீதே பேசுது. முழு மார்க்! இனி ஓட்டல் துணியெல்லாம் உங்களுக்குத்தான்."

கடைக்காரர் இரண்டு கையாலும் சான்றிதழை வாங்கிக்கொண்டார்.

எட்டு மாதமாக ஓடாத சலவை இயந்திரத்தை அன்று காலையில்தான் பழைய இரும்புக்காரர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்.