மூன்று வாட் சம்மதம்

லைப்ஸிக்கில் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர்கள் விற்கும் கடை. யோஹன் முப்பது வாட் ஒன்றின் மேல் கண் வைத்திருந்தார். ஆனால் கூட வந்திருந்த உல்ரிகே சம்மதிக்காமல் எதையும் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது.

"லேசாத் தொட்டாலே அலறுற ஸ்பீக்கர் உங்களோடது. மூணு வாட்டே தாராளம் சார்," என்றார் கடைக்காரர் டெட்லெஃப்.

"மூணு வாட்டா? கொசு இதைவிடச் சத்தமாப் பாடும்," என்றார் யோஹன்.

"ரெண்டையும் முழுச் சத்தத்துல வச்சுப் பாத்துடலாம். முதல்ல பெரிசு," என்ற உல்ரிகே, சோபாவில் உட்காராமல் கடைக்குக் கீழிருந்த நிலவறைக்கு இறங்கிப் போனார்.

டெட்லெஃப் விழித்தார். முப்பது வாட்டைப் போட்டார். பாதிப் பாட்டில், காலடியில் டொக் டொக்கென்று தட்டும் சத்தம் கேட்டது. யோஹன் சட்டென்று நிறுத்தினார்.

அடுத்து மூன்று வாட். ட்ரம்பெட் அறை முழுக்க நிறைந்தது. யோஹன் மூச்சைப் பிடித்துக்கொண்டு தரையையே பார்த்தார். பாட்டு முடியும்வரை கீழிருந்து ஒரு தட்டும் இல்லை.

உல்ரிகே கையில் நீளக் கம்புத் துடைப்பத்துடன் மேலே வந்தார். "இதுன்னா எனக்குச் சம்மதம்."

"கீழ போய்ப் பாட்டு கேக்கற பொண்டாட்டியை இப்பதான் சார் பாக்கறேன்," என்று டெட்லெஃப் கிசுகிசுத்தார்.

"பொண்டாட்டியா? எனக்கு நேர் கீழ் வீட்டுக்காரங்க. பதினோரு வருஷமா அங்கேருந்துதான் கேக்கறாங்க."