வெள்ளைப் பக்கம்

வீட்டிலிருந்து வந்துபோகும் பிள்ளைகளுக்கு அந்தக் கிறிஸ்துவ விடுதிப்பள்ளியில் நூறாண்டுப் பழைய இல்லம் ஒன்று உண்டு. காலையில் வந்ததும் அங்கே சுவர்ப்பலகையில் தொங்கும் அவரவர் பெயர்க்கட்டையை வெள்ளைப் பக்கம் திருப்புவார்கள். வீடு கிளம்பும்போது கறுப்புப் பக்கம்.

மார்ச்சில் இறந்துபோன மெலிசாவின் கட்டையை வாங்கிப்போக அவள் அம்மா பிரிஸில்லா வந்திருந்தாள்.

"கழட்ட மனசு வரலக்கா," என்றாள் இல்லத்து ஆசிரியை தெரேசா. "தினம் காலையில வெள்ளைக்குத் திரும்பியிருக்கு. யாரும் தொடறதில்லலா."

"சாயங்காலம்?"

"நான்தான் கறுப்புக்குத் திருப்புறேன்."

"அவளாத் திருப்பலையா?"

"இல்லக்கா."

"ஸ்கூலுக்கு மட்டும் வர்றாளா, டீச்சர்? நான் அங்க வீட்டுல கதவத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேனே!"

கட்டையைக் கறுப்புக்குத் திருப்பத் தெரேசா கையை நீட்டினாள்.

"வேணாம். இன்னிக்கு அவளே திருப்பட்டும்."

பள்ளி விடும் மணி அடித்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திருப்பிவிட்டுப் போனார்கள். மிஞ்சிய ஒற்றை வெள்ளைக்கு முன்னால் பிரிஸில்லா மகளின் புத்தகப்பையை வாங்கக் கையை நீட்டியபடியே நின்றாள்.