விட்டுப்போன வரி

“மாப்பிள்ளை, கடைசி பெஞ்சுல இருக்கானே, சாம்பல் சட்டை... அவன் நம்ம ஆள் இல்லை.”

தேவாலய வாசலில் பைகளைச் சோதித்துக்கொண்டிருந்த மருமகன் சிரித்தான். “மாமா, போன வாரம் ஆர்மோனியப் பெட்டியையே சந்தேகப்பட்டீங்க!”

“சிரி. அன்னிக்கும் எல்லாரும் சிரிச்சுக்கிட்டு இருந்தப்பதான் குண்டு வெடிச்சது.”

மருமகன் அடுத்த பையைத் திறந்து பார்த்தான். அவனுடைய மாமியாரை, மாமாவின் மனைவியை, கொண்டுபோனது அந்தக் குண்டுதான். இடிந்த கோயில் சுவரைப் பூசி வெள்ளையும் அடித்தாயிற்று. மணியடிக்கும் கோயில்பிள்ளையான மாமாதான் அன்றிலிருந்து கண்கொத்திப் பாம்பாகத் திரிகிறார்.

“பையில என்ன வச்சிருக்கான்?”

“தண்ணி பாட்டில், மூக்குக்கண்ணாடி. நானே பார்த்தேன்.”

“வாயைப் பார்த்தியா? பரமண்டல ஜெபத்தை மடமடன்னு சொல்றான். ‘எங்களுக்கு விரோதமாய்க் குற்றம் செய்கிறவர்களை நாங்கள் மன்னிக்கிறதுபோல’ங்கிற வரி வந்ததும் பூட்டுப் போட்டுக்கிறான். வாராவாரம் அதே இடம். நம்ம ஆளுக்கு அந்த வரி தொண்டையில சிக்குமா?”

“ஜெபத்துல கண்ணை மூடணும் மாமா.”

“நான் ஒருத்தன் திறந்து வச்சிருக்கப் போய்த்தான்டா நீங்கல்லாம் நிம்மதியா மூடியிருக்கீங்க!”

ஆராதனை முடிந்தது. சாம்பல் சட்டைக்காரர் படியிறங்கும்போது கோயில்பிள்ளை குறுக்கே போய் நின்றார். கையில் போன், போலீஸ் நம்பர் தயாராக இருந்தது.

“யாரு நீ?”

அவர் சுற்றிலும் ஒரு தடவை பார்த்தார். குரல் உள்ளே போயிற்று.

“குண்டு வச்சவனோட அப்பா.”

மருமகன் ஓடிவந்து மாமாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

“உனக்கு இங்க என்னடா வேலை? ஜெபத்தை எங்க திருடின?”

“இங்க வந்து உட்கார்ந்துதான் கத்துக்கிட்டேன்.”

“முழுசாக் கத்துக்கிட்டவன் அந்த ஒரு வரியை மட்டும் ஏன் முழுங்குற? வாயில வரலையோ?”

“அது நான் சொல்ற வரி இல்லைங்க. நீங்கல்லாம் சொல்ல, நான் கேக்கற வரி. அதுக்குத்தான் வாராவாரம் வரேன்.” அவர் இரண்டு கையையும் கூப்பினார். “கோயிலே சொல்லுது. நான் பார்த்துக்கிட்டே இருக்கேன்... உங்க உதடு மட்டும்தான் இன்னும் அசையலை, ஐயா.”