மேட்டு நிலம்

புது வீட்டைப் பார்த்ததும் அப்பா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

“வித்துடுங்க.”

மகளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாசற்படியில்கூட இன்னும் கால் வைக்கவில்லை மனிதர், அதற்குள் இப்படியா?

எட்டு மாதமாக அவரிடம் மூச்சு விடாமல் கட்டிக் காத்த ரகசியம் இது. ரிட்டயரானதும் வெளியூரில் மகன் வீட்டோடு போய்விட்ட அப்பாவை, சும்மா பார்த்துவிட்டுப் போங்கள் என்று வரவழைத்து, நேராக இங்கே கூட்டி வந்திருந்தாள். அவர் முகம் மலர்வதைப் படம் பிடிக்க மாப்பிள்ளை போனோடு தயாராக நின்றார். படத்தில் அப்பா பேயறைந்தவர் மாதிரிதான் விழுந்திருந்தார்.

அப்பாவுக்கு ஆபீசில் ‘ரசமட்டம்’ என்று பட்டப்பெயர். கொத்தனார் சரிவு பார்க்க வைப்பாரே, அதேதான். மழைநீர் வடிகால் இலாகாவில் முப்பத்து நாலு வருஷம் என்ஜினியர். யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன்னால் தரையின் வாட்டத்தைப் பார்ப்பார். மகள் கல்யாணத்தன்றுகூட, மண்டபத்தில் கை கழுவுகிற இடத்தில் தண்ணீர் தேங்குகிறது என்று சம்பந்தியை அரைமணி நேரம் நிற்க வைத்துப் பேசியவர்.

இதுவும் அந்த நொட்டை சொல்லும் குணம்தான் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். உள்ளே வந்து பாருங்கள் என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

அவர் வரவில்லை. தெருவில் இறங்கி, வடிகாலின் மூடியைத் தூக்கச் சொன்னார். கையில் இருந்த பாட்டில் தண்ணீரை அதில் ஊற்றினார். தெருக்கோடியில் இருக்கும் குளத்தைப் பார்த்து ஓட வேண்டிய தண்ணீர், கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு இவர்கள் வீட்டைப் பார்த்தே திரும்பி வந்தது.

“ஒரு பாட்டில் தண்ணிதானே மாமா” என்று சிரித்தார் மாப்பிள்ளை.

“மழை ஒரு பாட்டிலோட நிக்காது மாப்பிள்ளை. சுத்துவட்டாரத்து மேட்டுத் தண்ணி பூரா இறங்கற இடம் இது.”

குளம் என்று பெயர்தான். கட்டியவர்கள் மனசிரங்கி விட்டுவைத்த கைக்குட்டை அளவுத் தண்ணீர், கரையில் நாலு பெஞ்சு. விளம்பரத்தில் அதற்கு ‘ஏரிக் காட்சி’ என்று போட்டிருந்தார்கள். மிச்சத்தையெல்லாம் மண்ணடித்து மூடிவிட்டார்களா என்று அப்பா கேட்டார். அடுத்த மூச்சிலேயே குழந்தையின் அறை எது என்று கேட்டார்.

பாப்பாவுக்கு மூன்று வயது. மாடிப்படி வேண்டாம் என்று கீழேயே அறை ஒதுக்கி, அவள் கேட்ட மஞ்சள் நிறமே அடித்திருந்தார்கள்.

அப்பா அந்த அறையின் ஜன்னலோரம் போய் நின்றார். வெளிச்சுவரில், தன் நெஞ்சுக்கு நேராக, விரலால் ஒரு கோடு இழுத்தார்.

“இதுவரைக்கும் வரும். பாப்பாவை இங்க படுக்க வெக்காதேம்மா.”

மகள் சண்டைக்கு வந்தாள். திங்கட்கிழமை சாமான் லாரி வருகிறது, இருந்த வீட்டை விற்றாயிற்று, இன்றைக்கு வந்து நெஞ்சளவு கழுத்தளவு என்றால் நாங்கள் எங்கே போவது என்று பொரிந்தாள்.

“நாங்க ஒண்ணும் கண்ணை மூடிக்கிட்டு வாங்கலப்பா.”

காரிலிருந்து ஃபைலை எடுத்து வந்தாள். பழைய வரைபடத்தில் இந்த இடம் சதுப்பு நிலம் என்று இருப்பதாகச் சொல்லி, வக்கீல் வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னாராம். கைகழுவிவிட்டு வேறு வீடு பார்க்கலாம் என்று இவர்களும் கிளம்பிவிட்டார்களாம். அப்போதுதான் விற்றவர்கள் கொடுத்த காகிதங்களில் அந்தச் சான்றிதழ்த் தாள் கண்ணில் பட்டது.

அதை அப்பா முன்னால் நீட்டினாள்.

‘மேட்டு நிலம். மழைநீர் தேங்காது. கோடைப் பருவத்தில் நேரில் ஆய்வு செய்யப்பட்டது.’ அடியில், அவள் மார்க் ஷீட்டுகளில் எல்லாம் பார்த்துப் பழகிய அதே கையெழுத்து.

“இதைப் பாத்ததும் வக்கீல்கிட்ட என்ன சொன்னேன் தெரியுமா? இது எங்கப்பா கையெழுத்து, இதுக்கு மேல எனக்கு எந்தக் காகிதமும் வேண்டாம்னு சொன்னேன். உங்களை நம்பித்தாம்ப்பா வாங்கினோம்.”

அப்பா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

மாப்பிள்ளையின் முகத்தில் சிரிப்பு காணாமல் போயிருந்தது. “மாமா, நேர்ல வந்து பாக்காமலே கையெழுத்துப் போட்டுட்டீங்களா?” என்றார் மெதுவாக.

மகள் கணவனை முறைத்தாள். யாரைப் பார்த்து என்ன கேள்வி?

“வந்தேன் மாப்பிள்ளை. நேர்ல வந்து பாத்துட்டுத்தான் போட்டேன்.”

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கேட்டீர்களா என்பதுபோல் கணவனைப் பார்த்தாள்.

அப்பா மட்டும் யாரையும் பார்க்கவில்லை.

“ரிட்டயராக மூணு வாரம் இருந்துது. மேலிடத்துலேர்ந்து போன் மேல போன். யாரோ எவரோதானே வந்து குடியிருக்கப் போறாங்கன்னு கோடைன்னு எழுதிட்டேன்மா” என்றவர், தாளை மடித்து அவள் கையிலேயே கொடுத்தார்.

“அன்னிக்கு இந்த இடத்தை நான் படகுல போய்த்தான் அளந்தேன்.”