சொட்டும் குழாய்

நரீன் மலையூரிலிருந்து ஓஷ் நகரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புருல்சா, முதல் குளிர் இரவில் சமையலறைக் குழாயைச் சொட்ட விட்டுத்தான் படுத்தாள். காலையில் மாமியார் பிடித்துக்கொண்டார்.

“உங்க ஊர்ல இறுக்கி மூடினா குழாய் உறைஞ்சு வெடிக்கும். இங்க எதுக்கும்மா இந்த வேலை?”

“தெரியும் அத்தை. எங்க வீட்டுல எல்லாரும் படுத்த பிறகு அப்பாதான் குழாயைச் சொட்ட விடுவார். அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும்.”

“நல்லா இருக்கே. தண்ணி என்ன தாலாட்டா பாடுது?”

அதன்பின் புருல்சா குழாயைத் தொடவில்லை. தூக்கமின்றிப் பல இரவுகள் புரண்டாள். நேற்றுதான் அசந்து தூங்கினாள்.

விடிந்ததும் கணவன் எர்மெக் சமையலறையிலிருந்து கூப்பிட்டான். குழாய் சொட்டிச் சொட்டி வாளி நிரம்பியிருந்தது.

“மறுபடியும் திறந்துட்டியா? அம்மா பார்த்தா அவ்வளவுதான்.”

“நான் தொடவே இல்ல. சத்தம் கேட்டுச்சு, நீங்கதான் திறந்தீங்கன்னு நெனச்சேன்.”

அதற்குள் மாமியார் வந்து, வாளித் தண்ணீரை மொண்டு தேநீருக்கு அடுப்பில் வைத்தார்.

“நான்தான் திறந்தேன். இவ ராத்திரி பூரா பெருமூச்சு விட்டா, அடுத்த அறையில நான் எப்படிடா தூங்கறது?”

பிறகு மருமகள் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார்.

“உங்கப்பா இவ்வளவுதான் திறப்பாரா, இன்னும் கொஞ்சம் திறக்கணுமா?”